யாருப்பா பார்ப்பா? – திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவில் ஆறு நாள்

முதல் நாள்

மதுரையில் ரயில் ஏறி, பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்வதற்குள் எதிர் சீட்டுப் பெரியவர் விசாரணையைத் தொடங்கிவிட்டார். அவரும் அவர் மனைவியும் திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குப் போகிறார்கள். அந்த ரயிலில் பலரும் அதற்குத்தான் போவார்கள். மடியில் எக்ஸ்ரே கவர் இருக்கும். எங்கள் மடியில் எதுவும் இல்லாதது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"நீங்க எதுக்குப் போறீங்க தம்பி?"

"படம் பார்க்கப் போறோம் ஐயா."

"மதுரையில இல்லாத தியேட்டரா?"

இது டாக்குமென்டரி, கதை பாட்டு எதுவும் இருக்காது, நிஜத்தில் நடந்ததை எடுத்திருப்பார்கள் என்று விளக்கினேன். பெரியவர் கொஞ்சம் யோசித்தார்.

"ஓ, நியூஸ் ரீலு. அந்தக் காலத்துல படத்துக்கு முன்னாடி போடுவான். நாங்க பீடி பத்த வைக்க வெளிய போயிருவோம். அதை யாருப்பா பார்ப்பா?"

மேல் பெர்த்தில் படுத்திருந்த அக்கா மகன் சத்தமாகவே சிரித்தான். விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கிறான். "கூட்டிக்கிட்டுப் போடா, அங்கயாவது ஏதாவது கத்துக்கட்டும்" என்று அக்கா என் தலையில் கட்டிவிட்டாள்.

பெரியவர் சொன்னதில் தப்பே இல்லை. 1948-ல் மத்திய அரசு பிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. அரசு அங்கீகரித்த படம் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் அப்போது தியேட்டர்காரர் மெயின் படத்துக்குப் போக முடிந்தது. அணைத் திறப்பு, வெள்ளச் சேதப் பார்வை, ரிப்பன் வெட்டு, பின்னணியில் ஒரு கணீர்க் குரல். இரண்டு தலைமுறைக்கு ஆவணப்படம் என்றால் பீடிக்கான இடைவேளை என்றே ஆகிப்போனது. அந்த நிறுவனத்துக்காக எடுத்துக்கொண்டே சுக்தேவ், எஸ்.என்.எஸ். சாஸ்திரி போன்ற இயக்குநர்கள் சத்தமில்லாமல் வேறு வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் எனக்கே ரொம்பப் பின்னால்தான் தெரியும்.

நடுராத்திரி தாண்டி திருநெல்வேலி. ஜங்ஷனை விட்டு வண்டி நகர்ந்து தாமிரபரணிப் பாலத்தில் ஏறும்போது விழிப்பு வந்துவிட்டது. 1999 ஜூலை 23-ஆம் தேதி மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தில் தடியடி நடந்து 17 பேர் இந்த ஆற்றில் செத்துப்போனார்கள். அதைப் பற்றி வந்த ஆவணப்படத்தை ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், வாடகை டிவியில், கேசட் போட்டுப் பார்த்தோம். முப்பது பேர் இருந்திருப்போம். படம் முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை, விசிஆர் கேசட்டைத் தானே வெளியே தள்ளியது. நான் பார்த்த முதல் அரசியல் ஆவணப்படம் அதுதான். அதற்கு முன்பு பார்த்ததெல்லாம் பெரியவர் சொன்ன வகை.

விடியற்காலை தம்பானூரில் இறங்கினோம். மழை. விழா நடக்கும் கைரளி – ஸ்ரீ – நிளா வளாகம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். கேரள சலச்சித்திர அகாதமி 2008-லிருந்து நடத்திவரும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா இது. அரசியல் படங்களுக்கு மட்டுமான விழா இல்லை. குறும்படம், அனிமேஷன், இசை என்று எல்லாம் இருக்கும். நான் மட்டும் மூன்றாவது தடவையாக அரசியல் படங்களாகப் பொறுக்கிப் பார்க்க வந்திருக்கிறேன். கழுத்தில் அட்டை, கையில் துணிப்பை, பைக்குள் தடிமனான கையேடு. பேனாவை எடுத்து நிகழ்ச்சி நிரலில் வட்டம் போட ஆரம்பித்தேன். ஒரே நேரத்தில் மூன்று திரைகளிலும் நல்ல படம் ஓடும். அதுதான் விழாக்களின் சாபம்.

படங்களின் பெயரை இந்தத் தொடரில் எழுதப்போவதில்லை. பெயரைப் போட்டால் போனில் டிரெய்லரைத் தேடிப் பார்த்துவிட்டு "பார்த்தாச்சு" என்பீர்கள். பழைய படங்கள், வழக்கு நடந்த படங்கள் என்றால் மட்டும் பெயர் வரும்.

படுக்கப் போவதற்கு முன் ஒன்று. பயணக் கட்டுரை எழுத உட்காரும் தமிழர் யாரானாலும் ஏ.கே. செட்டியாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும். இந்த இடத்தில் இரண்டு கும்பிடு. 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் இருக்கும்போதுதான் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அப்புறம் பிலிம் துண்டுகளைத் தேடி நாடு நாடாக அலைந்து 1940-ல் படத்தைத் தமிழில் வெளியிட்டார். வெள்ளைக்காரன் ஆட்சி, யுத்தம் வேறு தொடங்கிவிட்டது. நம் ஊரில் அரசியல் ஆவணப்படம் ஒரு பயணக் கட்டுரைக்காரரிடமிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டாம் நாள்

காலைப் படம் ஒரு வட இந்தியக் கிராமத்து ரேஷன் கடை. கேமராவைக் கவுன்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அசையவே இல்லை. வரிசை நகர்கிறது. ஒவ்வொருவராகக் கைரேகைக் கருவியில் கட்டைவிரல் வைக்கிறார்கள். ஒரு முதியவரின் விரலை எந்திரம் ஏற்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு வைக்கிறார், இல்லை. தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கோடு வைக்கிறார், இல்லை. பிறகு கடைச் சுவரில், சுண்ணாம்பு உதிர்ந்த இடமாகப் பார்த்து விரலை வறட்டு வறட்டென்று தேய்க்கிறார். அப்போது அரங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாலாவது தடவை எந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பின்னாலிருந்த ஆள், "அடுத்து" என்கிறான். முதியவர் வரிசையை விட்டு விலகி நின்று தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். விரல் தன்னை விட்டுக்கொடுத்துவிட்டது போல.

ஒரு பேட்டி கிடையாது, ஒரு புள்ளிவிவரம் கிடையாது. வெளியே வந்ததும் அக்கா மகன், "மாமா, ஒரே ஷாட்டு, இருபது நிமிஷம். எங்க சார்கிட்ட இப்படி எடுத்துட்டுப் போனா எடிட் பண்ணிட்டு வாடாம்பாரு" என்றான். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "பிடிக்கலைன்னு சொல்லலையே" என்று தன் விரலைப் பார்த்துக்கொண்டான்.

மதியம் பார்த்த படம் இங்கேயே, இந்த ஊர்க் கடற்கரையைப் பற்றியது. கடல் வீட்டைத் தின்றுவிட்டதால் வலியதுறையில் சிமென்ட் கிடங்குக்குக் குடிமாறிய மீனவக் குடும்பங்கள். தற்காலிகம் என்று போனவர்கள் வருடக்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டார்கள். கிடங்குக்குள் சேலையையும் பிளைவுட்டையும் வைத்து மறைத்து வீடுகள். நடுவே ஒரு பொது வழி. அந்த வழியில் ஒரு பெண்குழந்தை சைக்கிள் பழகுகிறது. இயக்குநருக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். மூன்று வருடம் போய்வந்திருக்கிறார், தெரிகிறது. முதல் வருடக் காட்சிகளில் கேமராவைப் பார்த்து நிமிர்ந்து பேசுகிறவர்கள், மூன்றாம் வருடத்தில் கேமராவை மறந்து மீன் அரிகிறார்கள்.

படம் முடிந்து கேள்வி நேரம். முதல் மூன்று கேள்விகள் வழக்கம்போல. எந்தக் கேமரா, எவ்வளவு நேரப் பதிவு, யார் பணம் தந்தது. இந்த ஊரில் கேள்வி கேட்பவர் முதலில் ஐந்து நிமிடம் சொற்பொழிவாற்றிவிட்டுத்தான் கேள்விக்கு வருவார். அதில் எனக்குப் புகார் இல்லை. நம் ஊரில் கேள்வியே வராமல் "படம் அருமை, வாழ்த்துகள்" என்று பொன்னாடை போர்த்திவிடுவார்கள், அதற்கு இது தேவலாம். நாலாவதாகப் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், கல்லூரி ஆசிரியை போலத் தெரிந்தார், எழுந்து ஒரே வரி கேட்டார்:

"இதை வலியதுறையில் காட்டினீர்களா?"

இயக்குநர் மைக்கை இடதுகையிலிருந்து வலதுகைக்கு மாற்றினார். "சீக்கிரம் காட்டுவோம்" என்றார். அரங்கம் கைதட்டியது. எதற்குக் கைதட்டினோம் என்று இப்போது லாட்ஜில் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

மூன்றாம் நாள்

ராத்திரி லாட்ஜ் கூரை ஒழுகியது. நேராக என் தலையணையில். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, கட்டிலைத் தள்ளிப் போட்டுவிட்டு, பிரச்சனை முடிந்த திருப்தியோடு போனார். சரி.

மழை விடாததால் காலைக் காட்சியை விட்டுவிட்டு இந்தியன் காபி ஹவுஸில் தஞ்சமடைந்தோம். பஸ் ஸ்டாண்டை ஒட்டி, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் சுருள் கட்டடம். மாடிப்படி கிடையாது, தரையே சுழன்று சுழன்று மேலே போகிறது. சுவரோரமாக மேஜைகள். கட்லெட்டில் வழக்கம்போல பீட்ரூட் சிவப்பு. எங்கள் மேஜையில் இடம் கேட்டு உட்கார்ந்தவர் கழுத்திலும் விழா அட்டை. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், விழா தொடங்கிய வருடத்திலிருந்து ஒன்றைக்கூட விட்டதில்லையாம். இங்கே எல்லோரும் "சேட்டன்" என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். என் தமிழும் அவர் மலையாளமும் மாநில எல்லையில், பாறசாலைப் பக்கம் எங்கேயோ சந்தித்துக்கொண்டன.

அவருடைய அட்டையைக் காட்டி, "இது எதுக்குன்னு தெரியுமா?" என்று அக்கா மகனைக் கேட்டார். "உள்ள விட" என்றான். "வெளிய நிறுத்தவும்தான்" என்றார்.

விஷயம் இதுதான். சென்சார் சான்றிதழ் இல்லாத படத்தைப் பொதுமக்களுக்குக் காட்ட 1952-ஆம் வருடத்துச் சினிமாட்டோகிராஃப் சட்டம் இடம் தராது. ஆவணப்படக்காரர்கள் பலர் சான்றிதழுக்குப் போவதில்லை. போனால் எதை வெட்டச் சொல்வார்களோ என்ற கவலை, அலைச்சல், செலவு. அதனால் விழாக்களுக்கு மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு கொடுக்கிறது. ஆனால் பார்வையாளர்கள் பதிவு செய்துகொண்ட பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். வாசலில் அட்டையைப் பார்ப்பது அதனால்தான். பெரும்பாலான வருடங்கள் விலக்கு சாதாரணமாக வந்துவிடும், வராத வருடங்கள்தான் கதை.

2017-ல் மூன்று படங்களுக்கு வரவில்லை. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் தற்கொலை செய்துகொண்ட ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலாவை முன்வைத்து ஒன்று, காஷ்மீர் பற்றி ஒன்று, டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழக மாணவர் போராட்டம் பற்றி ஒன்று. 2019-ல் ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனின் 'விவேக்'. தபோல்கர், பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ் என்ற பகுத்தறிவுச் சிந்தனையாளர்களின் கொலைகளைத் தொட்டுப் போகும் நாலு மணி நேரப் படம். அதற்கு முந்தைய வருடம்தான் ஆம்ஸ்டர்டாம் விழாவில் சிறந்த முழுநீள ஆவணப்படமாகத் தேர்வானது. அதற்கும் விலக்கு கிடைக்கவில்லை. கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி வாங்கிக் காட்டினார்கள். சேட்டன் அந்தக் காட்சியில் இருந்தாராம். "தரையில் உட்கார்ந்து நாலு மணி நேரம். முட்டி போச்சு, ஆனால் எழுந்திருக்கலை" என்றார். இந்தக் கதையை அவர் பல பேரிடம் சொல்லியிருக்கிறார் என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் முட்டியைத் தடவிக்கொண்டார்.

பட்வர்தனுக்கு இது பழக்கம்தான். 1992-ல் வந்த 'ராம் கே நாம்' தேசிய விருது வாங்கிய படம், அதைத் தூர்தர்ஷனில் காட்டக் கோர்ட் படியேற வேண்டியிருந்தது. நம் நாட்டு ஆவணப்பட வரலாற்றைப் பாதி வக்கீல்கள்தான் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. 1968-லேயே இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் நாலு நகரங்களைப் பற்றி எடுத்த பதினாறு நிமிடப் படத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். சென்சார் வைத்துக்கொள்ள அரசுக்கு உரிமை உண்டு என்று 1970-ல் வந்த தீர்ப்பு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. பதினாறு நிமிடம்!

சேட்டனிடம் என் பங்குக்கு 2004 கதையைச் சொன்னேன். மும்பைச் சர்வதேச விழாவுக்கு இந்தியப் படங்கள் மட்டும் சென்சார் சான்றிதழோடு வர வேண்டும் என்றார்கள். படக்காரர்கள் ஒன்றுகூடிக் கத்தியதில் அந்த விதி வாபஸ் ஆனது. ஆனால் தேர்வுப் பட்டியலைப் பார்த்தால், குடைச்சல் கொடுக்கும் படங்கள் பலவற்றைக் காணோம். உடனே அதே நாட்களில், அதே மும்பையில், 'விகல்ப்' என்று போட்டி விழா நடத்திவிட்டார்கள். அதில் திரையிடப்பட்டவற்றில் ராகேஷ் ஷர்மா குஜராத் கலவரம் பற்றி எடுத்த 'ஃபைனல் சொல்யூஷன்' ஒன்று. அதற்குச் சென்சாரும் சான்றிதழ் மறுத்தபோது அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கேட்டவர்களுக்கு இலவசமாகப் பிரதி கொடுத்தார். ஒரே நிபந்தனை, வாங்கியவர் ஐந்து பிரதி எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். திருட்டு விசிடியை இயக்குநரே போடச் சொன்ன படம். அந்த வருடம் அக்டோபரில் தடை நீங்கியபோது படம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.

"யூடியூப்ல போட்டிருக்கலாமே?" என்று அக்கா மகன் கேட்டான். அப்போது யூடியூப் பிறக்கவே இல்லை என்றதும் முதல் தடவையாக என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தான்.

மழை விட்டபோது மணி ஒன்று. எந்தப் படத்தைத் தவறவிட்டோம் என்று கையேட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்க்கவில்லை.

நான்காம் நாள்

இன்று படம் பார்க்கவில்லை. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி வலியதுறைக்குப் போனோம். அந்த ஆசிரியை கேட்ட ஒற்றை வரி இரண்டு நாளாகக் காதிலேயே இருந்தது.

பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். விமான நிலையத்துக்குப் பின்பக்கம் கடல். இறங்கும் விமானத்தின் வயிறு தலைக்கு மேல் போகிறது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பழைய கடற்பாலம் 2021 புயலில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. கர்க்கடக மாதக் கடல். நம் ஆடி. அலை கரைக்கு வந்து திரும்பவில்லை, கரையைக் கடித்துக்கொண்டு போகிறது. ஒரு வீட்டின் முன்பாதியைக் காணோம். பின்பாதியில் நீலச் சுண்ணாம்பு அடித்த சுவரும், அதில் மாதா படம் மாட்டியிருந்த ஆணியும் இருந்தன.

சேட்டன் சொல்லி அனுப்பியிருந்த தெருவில் ஒரு அம்மாவைப் பார்த்தோம். எழுபது இருக்கும். அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். ஏழெட்டு வருடம் மீன் விற்றுக்கொண்டே கிடங்கில் இருந்தவர், இப்போது மகனோடு வாடகை வீட்டில். எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி:

"எந்தச் சானல், மோனே?"

சானல் இல்லை என்றோம். அவர் பேச்சு மலையாளம்தான், ஆனால் இந்தக் கரையின் பேச்சில் பாதி நம் கன்னியாகுமரிக் கடற்கரைத் தமிழ். சிரமமில்லாமல் புரிந்தது. சானல் இல்லை என்றால் அப்போது படிக்கிற பிள்ளைகளா, இல்லை சங்கமா, என்று வரிசையாகக் கேட்டார். வந்து போனவர்களின் வகைகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். 2022-ல் விழிஞ்ஞம் துறைமுக வேலையை எதிர்த்து மீனவர்கள் 130 நாட்களுக்கும் மேலாகப் போராடினார்களே, அப்போது கேமரா இல்லாத ஆளே கரையில் கிடையாதாம். துறைமுகத்தால்தான் கடல் ஏறுகிறது என்பது இவர்கள் வாதம். அப்படியில்லை, முன்பிருந்தே அரிப்பு உண்டு என்பது எதிர்த்தரப்பு. அம்மா அந்த வாதத்துக்குள் போகவே இல்லை. "என் வீடு இருந்த இடம் அதோ" என்று தண்ணீருக்குள் கையைக் காட்டினார். அந்த இடத்தில் ஒரு அலை வந்தது, போனது.

"எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்க. எடுத்ததை எங்கே வச்சிருக்காங்கன்னு தெரியலை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சலவைக்குப் போட்ட துணி திரும்பவில்லை என்பது போலச் சொன்னார்.

அக்கா மகன் போனை எடுத்தான். முந்தாநாள் பார்த்த படத்தின் டிரெய்லர் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. வெயில் இல்லாததால் திரை நன்றாகவே தெரிந்தது. அம்மா சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கிடங்கு வந்தது. சேலைத் தடுப்புகள் வந்தன. சைக்கிள் பழகும் குழந்தை வந்தது. "இது ஜெபம் படிக்கிற வீட்டுப் பிள்ளை" என்றார். அப்புறம் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு கிழவர், ஒரு வினாடி, அதற்கு மேல் இல்லை. அம்மா போனைப் பிடித்திருந்த அவன் கையை இறுகப் பற்றினார்.

"நிறுத்து."

அவன் நிறுத்துவதற்குள் அடுத்த காட்சிக்குப் போய்விட்டது. பின்னால் நகர்த்தினான். கிழவர் வந்தார். ஊசி மேலே போயிருக்கிறது, வாய் பாதி திறந்திருக்கிறது, ஏதோ சொல்ல வருகிறார். அந்த நிலையிலேயே நின்றது படம். போன வருடம் கர்க்கடகத்தில் இறந்துபோன அவருடைய அண்ணனாம். கிடங்கில் பக்கத்துத் தடுப்பு. வீடு போனபோது போட்டோக்களும் போய்விட்டன. இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்று. அதில் அவர் முகம் அவர் மாதிரியே இருக்காது என்றார்.

ஆறேழு தடவை ஓடவிட்டான். "ஒலி வை" என்றார். ஒலியில் பின்னணி வயலின்தான் இருந்தது, அவர் சொன்னது இல்லை. "என்ன சொல்றாருன்னு தெரியலையே" என்று அம்மா எங்களைப் பார்த்தார். முழுப் படத்தில் அவர் பேசுகிறார். நாங்கள் கேட்டோம். தடைக்காலம் முடிகிற ராத்திரியில் துறை எப்படி இருக்கும் என்று சொல்வார், அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இருந்ததைத் தப்பும் தவறுமாகச் சொன்னேன்.

டிரெய்லரைப் பேரனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினான். அந்தப் படம் எங்கே ஓடுகிறது என்று கேட்டார். தம்பானூரில் என்றேன். "பஸ்ஸில் போகிற தூரம்தானே" என்றார்.

பஸ்ஸில் போகிற தூரம்தான். கழுத்தில் அட்டை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படம் ஏற்கெனவே முடிந்துவிட்டது, விழாவில் இன்னொரு காட்சி இல்லை என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

ஐந்தாம் நாள்

ஐந்து படம். இரண்டு தேறியது.

தேறாத மூன்றைப் பற்றி ஒரு புலம்பல். ட்ரோன் என்ற கருவி ஆவணப்படத்துக்கு வந்த கேடு. அகதி முகாமைப் பற்றிய படம், மேலேயிருந்து கூரைகள் அழகாகக் கோலம் போட்டது போலத் தெரிகின்றன. குப்பைமேட்டைப் பற்றிய படம், அதுவும் மேலேயிருந்து பார்த்தால் ஓவியம். மேலேயிருந்து பார்க்கிறவருக்கு நாற்றம் தெரியாது. 2003-ல் ஆர்.பி. அமுதன் மதுரையில் மனிதக் கழிவை அள்ளும் பெண்ணைப் பற்றி 'பீ' எடுத்தபோது கேமரா அந்தப் பெண்ணின் வாளிக்குப் பக்கத்திலேயே நின்றது. எங்கள் ஊரில் நான் தினமும் நடந்த தெருவையே பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். 2017-ல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்தபோதும் அப்படித்தான். ஊர் ஊராகத் திரையிட முயன்று, பல இடங்களில் அனுமதி கிடைக்காமல், கடைசியில் யூடியூபில் ஏற்றினார்கள். டீக்கடையில் போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நகராட்சித் தொழிலாளியை நானே பார்த்தேன். எந்த விழாவிலும் அப்படி ஒரு பார்வையாளரை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் டீக்கடை வாசலில் கடற்கரைப் பட இயக்குநர் நின்றிருந்தார். போய் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். குற்றம் சொல்லும் தொனி வந்துவிடக் கூடாது என்று ஜாக்கிரதையாகத்தான் தொடங்கினேன், வந்துவிட்டது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கிழவர் இறந்தது அவருக்குத் தெரியும். அடக்கத்துக்குப் போயிருக்கிறார். தங்கை ஒருத்தர் இருப்பதும் தெரியும். படத்தைக் கரையில் காட்டாததற்குக் காரணம் வேறு. படத்தில் பேசிய இரண்டு குடும்பங்களுக்குள் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்னது இரண்டும் படத்தில் இருக்கிறது. "இங்கே அது படம். அங்கே அது சண்டை" என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நாலு மணி நேரம் ஒரு கரையில் நின்றுவிட்டு வந்து, மூன்று வருடம் நின்றவனுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன்.

அவராகவே பேச்சை மாற்றினார். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா என்ற திரைப்படக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். எண்பதுகளில் கோழிக்கோட்டிலிருந்து ஊர் ஊராகப் போய், சாப்ளின் படத்தைத் தெருவில் காட்டி, துண்டேந்திக் காசு சேர்த்து, அந்தக் காசில் 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். எடுத்த படத்தையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். நம்மிடம் வந்து 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த அதே ஜான்தான். அப்புறம் சி. சரத்சந்திரன். பிளாச்சிமடை, சைலன்ட் வேலி என்று கேரளத்துப் போராட்டங்களைப் படமெடுத்து, புரொஜெக்டரைத் தானே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காட்டியவர், 2010-ல் ரயிலிலிருந்து விழுந்து இறந்துபோனார். "அவங்களுக்கும் ஊருக்கு ஊர் சண்டை இருந்திருக்கும் இல்லையா?" என்று இயக்குநர் கேட்டார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானா, தெரியவில்லை. டீக்கு அவரே காசு கொடுத்தார்.

அக்கா மகன் மட்டும் அவரைத் தனியே கூட்டிப்போய் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். என்னவென்று கேட்டதற்கு, "டெக்னிக்கல் மாமா" என்றான்.

ஆறாம் நாள்

விருது வழங்கும் விழாவுக்கு இருக்கவில்லை. ராத்திரி ரயில். ரேஷன் கடைப் படத்துக்கு ஏதாவது கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டாலும் அந்தக் கட்டைவிரல் எனக்குப் போதும்.

காலையில் தலைமைச் செயலகம் முன்னால் நடந்து போனோம். போராட்டப் பந்தல்கள் வரிசையாக இருந்தன. ஒரு பந்தலில் மைக்கில் யாரோ பேசிக்கொண்டிருக்க, கேட்க ஆறு பேர். பக்கத்துப் பந்தலில் பேசுபவரும் இல்லை, பாய் மட்டும் விரித்திருந்தது. ஒரு விஸ்காம் மாணவி கேமராவோடு அந்தப் பாயைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆள் அங்கே கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றான். லென்ஸைப் பார்த்தானாம்.

ரயிலில் ஏறியதும் சீட்டில் சாய்ந்து கையேட்டைப் புரட்டினேன். வட்டம் போட்டவற்றில் பாதியைத்தான் பார்த்திருக்கிறேன். நெய்யாற்றின்கரை தாண்டியதும் அக்கா மகனின் போன் முனகியது. குரல் செய்தி. காதில் வைத்துக் கேட்டான், திரும்பக் கேட்டான்.

"வலியதுறைப் பேரன் மாமா. டைரக்டர் நேத்து ராத்திரி அவன் நம்பர் வாங்கினாரு. அந்த வலை பின்ற தாத்தா பேசுறதை மட்டும் வெட்டி அனுப்பி வச்சிருக்காராம். வீட்ல எல்லாரும் பார்த்தாங்களாம்."

"என்ன சொல்றாங்க?"

"அந்தம்மா கேக்குறாங்க, முழுப் படம் எவ்வளவு நேரம்னு."

எழுபத்திரண்டு நிமிடம் என்று கையேட்டில் இருந்தது. சொன்னேன். அவன் தட்டி அனுப்பினான். பாறசாலையில் வண்டி நின்று, சிக்னலுக்குக் காத்திருந்து, நகர்ந்தது. மறுபடியும் முனகல்.

"மூணு வருஷம் எடுத்தாங்களே, அவ்வளவுதானான்னு கேக்குறாங்க."